பனிக்குடம் உடைந்தபின் ரத்தம் சொல்வது: வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து

1. கேள்வி

பிரசவ வலி காணும் முன்பே பனிக்குடம் உடைந்துவிடுவது அரிதான நிகழ்வன்று. மாதம் நிறைந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இது நேர்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் தானாகவே வலி கண்டுவிடும். 37 வாரம் முடியும் முன்பே உடைந்தால்தான் சிக்கல். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேருக்குத்தான் அப்படி ஆகிறது என்றாலும், குறைமாதப் பிரசவங்களில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீர் கசியத் தொடங்கிய கணத்திலிருந்து மருத்துவர் முன் இரண்டு அபாயங்கள் நிற்கின்றன. குழந்தையை உடனே வெளியே எடுத்தால் முதிராத நுரையீரல். உள்ளேயே விட்டுவைத்தால் பிறப்புவழியிலிருந்து மேலேறும் கிருமி. எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பது முதல் முடிவு. பிறந்த குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவதா, போட்டால் எத்தனை நாள் என்பது இரண்டாவது முடிவு. இரண்டுக்குமே இன்று ரத்தத்தைத்தான் கேட்கிறார்கள். சி.ஆர்.பி., வெள்ளணுக்களின் எண்ணிக்கை, புரோகால்சிடோனின், இன்டர்லூக்கின்-6, அண்மைக்காலமாக நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம் எனப் பட்டியல் நீள்கிறது.

இந்த எண்களால் எவ்வளவு பாரம் தாங்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தாயின் ரத்தத்திடம் கேட்பதும் குழந்தையின் ரத்தத்திடம் கேட்பதும் வெவ்வேறு கேள்விகள் என்றும், ஆய்வுகளிலும் அன்றாட மருத்துவத்திலும் இவ்விரண்டும் கலந்துபோகின்றன என்றும் கருதுகிறேன். முதல் கேள்விக்கு எண்கள் தரும் விடை பலவீனமானது. இரண்டாவது கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை உண்டு. ஆனால் அது ஒருமுறை எடுத்த எண்ணிலிருந்து வருவதில்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் வரை நீளும் தோல் வட்டாரத்தில் இந்தப் பரிசோதனை எந்தச் சூழலில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை முழுமை பெறும்.

2. எண் எங்கிருந்து வருகிறது

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டனர். நிமோகாக்கஸ் கிருமியின் ‘சி’ என்னும் சர்க்கரைப்பொருளோடு அது வினைபுரிந்ததால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர் வந்தது. அதைச் சுரப்பது கல்லீரல். சுரக்கச் சொல்லி ஆணையிடுவது முக்கியமாக இன்டர்லூக்கின்-6. அழற்சி தொடங்கி 6 முதல் 8 மணி நேரம் கழித்தே ரத்தத்தில் ஏறத் தொடங்கும். 36 முதல் 50 மணி நேரத்தில் உச்சத்தை அடையும். தூண்டுதல் நின்றதும் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

இந்த வரலாற்றில் பின்னால் வரப்போகும் சிக்கல்களுக்கெல்லாம் விதை இருக்கிறது. முதலாவது, இது காலம் தாழ்த்திப் பேசும் புரதம். கிருமி நுழைந்த முதல் சில மணி நேரத்தில் எண் இயல்பாகவே இருக்கும். இரண்டாவது, இது கிருமியை அடையாளம் காட்டுவதில்லை. திசு எங்கே சேதப்பட்டாலும் ஏறும். கர்ப்பத்திலேயே சற்று உயர்ந்திருக்கும், பிரசவ வலியில் மேலும் உயரும். மூன்றாவதுதான் அதிகம் மறக்கப்படுவது: சி.ஆர்.பி. நஞ்சுக்கொடியைக் கடந்து போவதில்லை என்றே சொல்லலாம். தாயின் ரத்தத்தில் இருப்பது தாயின் கல்லீரல் எழுதிய அறிக்கை. குழந்தையின் ரத்தத்தில் இருப்பது குழந்தையின் கல்லீரல் எழுதியது. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படித்ததாக எண்ணிக்கொள்ள முடியாது.

3. தாயின் ரத்தம்

தாயின் சி.ஆர்.பி. உயர்ந்தால் கருப்பைக்குள் தொற்று என்று கொள்ளலாமா? பனிக்குடம் முன்கூட்டி உடைந்த பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் பிரிட்டிஷ் மகப்பேறு இதழில் வெளிவந்த மதிப்பாய்வு, இதற்குத் தெளிவான ஆதரவு இல்லை என்ற முடிவுக்கே வந்தது. ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு வெட்டு எல்லையை வைத்திருந்தது; முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதன்பிறகு வந்த ஆய்வுகள் பல. எண்ணிக்கை கூடியிருக்கிறதே தவிர உறுதி கூடவில்லை. லண்டன் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாயின் உடல்நிலை, ரத்தப் பரிசோதனை, குழந்தையின் இதயத்துடிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. எந்த ஒன்றையும் தனித்து நம்பச் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு உடலியலிலேயே காரணம் உண்டு. கருப்பைத் தொற்று நெடுநேரம் பனிநீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கக்கூடும். தாயின் ரத்த ஓட்டத்தை அது எட்டும்வரை தாயின் கல்லீரலுக்குச் செய்தி போகாது. காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு சீர், சி.ஆர்.பி. 4, உள்ளே குழந்தை அழற்சியில் மூழ்கியிருக்கலாம். மாறாக, சிறுநீர்த்தொற்றோ பல் ஈறு வீக்கமோ இருக்கும் பெண்ணுக்கு எண் 30-ஐத் தொடலாம். கருப்பை சுத்தமாக இருக்கும். 1998-இல் கோமெஸ், ரொமேரோ குழுவினர் கருவிலுள்ள குழந்தையின் ரத்தத்திலேயே இன்டர்லூக்கின்-6-ஐ அளந்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் 11 பிகோகிராமுக்கு மேற்பட்டால் ‘கருவின் அழற்சி எதிர்வினை’ என்று அதற்கு வரையறை தந்தார்கள். கேட்கவேண்டிய இடத்தில் கேட்ட ஆய்வு அது. ஆனால் தொப்புள்கொடியில் ஊசி நுழைத்து ரத்தம் எடுப்பதை எந்த ஊர் மருத்துவமனையும் அன்றாட வேலையாகச் செய்ய முடியாது. பனிநீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் வழக்கம் சில ஐரோப்பிய மையங்களில் உண்டு. நீர் பெரும்பாலும் வடிந்துபோன வயிற்றில் அதுவும் எளிதன்று.

ஆய்வு முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. தாயின் ரத்த எண்ணைச் சரிபார்க்கப் பல ஆய்வுகள் உரைகல்லாகக் கொள்வது, பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்ட அழற்சியை. நஞ்சுக்கொடிச் சவ்வில் வெள்ளணுக்கள் குவிந்திருப்பது தாயின் எதிர்வினை. தொப்புள்கொடியில் குவிந்திருந்தால்தான் அது குழந்தையின் எதிர்வினை. இரண்டும் இருந்தும் நலமாக வீடு திரும்பும் குழந்தைகள் ஏராளம். ஆக, ‘சி.ஆர்.பி. தொற்றை முன்னறிவிக்கிறது’ என்று தலைப்பிட்ட கட்டுரை, உண்மையில் ஒரு மாற்று அடையாளம் இன்னொரு மாற்று அடையாளத்தோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே சொல்லியிருக்கும். குழந்தை என்ன ஆனது என்ற வரியை அதில் தேடிப் பார்க்கவேண்டும்.

நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ரத்த எண்ணிக்கையிலிருந்தே கணக்கிட்டுவிடலாம், தனிச்செலவு கிடையாது என்பதால் இந்தியா, துருக்கி, சீனா என எல்லா இடங்களிலும் இதைப் பற்றி முதுநிலை மாணவர்களின் ஆய்வுகள் குவிகின்றன. பெரும்பாலும் ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகளிலிருந்து எழுதப்படுபவை. 34 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்த பெண்ணுக்குக் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன் ஊசி போடுவது வழக்கம். அந்த ஊசி நியூட்ரோஃபிலை ஏற்றும், லிம்ஃபோசைட்டை இறக்கும். விகிதம் தானாகவே எகிறும். ரத்தம் எடுத்தது ஊசிக்கு முன்பா பின்பா என்று சொல்லாத ஆய்வின் முடிவை நான் பொருட்படுத்தமாட்டேன். அப்படிச் சொல்லாதவை கொஞ்சநஞ்சமல்ல.

தாயின் எண்ணைப் பார்த்துப் பயந்து அவசரமாகப் பிரசவம் பார்ப்பதால் என்ன நேரும் என்பதற்கு மறைமுகச் சான்று ஒன்று உண்டு. 34 முதல் 37 வாரத்துக்குள் பனிக்குடம் உடைந்த, தொற்றின் அறிகுறி இல்லாத 1,839 பெண்களை இரு பிரிவாகப் பிரித்து நடந்த பன்னாட்டு ஆய்வு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. உடனே பிரசவம் பார்த்த பிரிவில் நூற்றுக்கு 2 குழந்தைகளுக்கும், காத்திருந்த பிரிவில் 3 குழந்தைகளுக்கும் தொற்று ஏற்பட்டது; இது புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. ஆனால் உடனே பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கூடுதல், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கள் கூடுதல், தாய்மாருக்கு சிசேரியன் கூடுதல். காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அவசரத்தின் விலை அதைவிடக் குறைவு என்று சொல்லமுடியாது.

4. குழந்தையின் ரத்தம்

இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ‘செப்சிஸ் ஸ்கிரீன்’ என்றொரு தொகுப்பு நெடுங்காலமாகப் புழக்கத்தில் உண்டு. வெள்ளணுக்கள் 5,000-க்குக் கீழ், நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறைவு, முதிராத நியூட்ரோஃபில்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், மெல்லிய குழாயில் பார்க்கும் இ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேல், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஆகிய ஐந்தில் இரண்டு பிசகினால் ‘ஸ்கிரீன் பாசிட்டிவ்’. ஒரே எண்ணை நம்பாமல் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்கும் நல்லெண்ணம் இதில் இருக்கிறது. பிறந்த உடனே ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்போதுதான் இது வழுக்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. நெடுநேரம் முன்பே பனிக்குடம் உடைந்து பிறந்த 1,000 குழந்தைகளில் 20 பேருக்கு உண்மையான தொற்று என்று வைத்துக்கொள்வோம். பிறந்த முதல் சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. தொற்றுள்ளவர்களில் பாதிப்பேரைத்தான் பிடிக்கும் என்றும், தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 10 பேரிடம் பொய்யாக ஏறும் என்றும் கொண்டால், 108 குழந்தைகள் ‘பாசிட்டிவ்’ ஆவார்கள். அவர்களில் 10 பேருக்குத்தான் நோய். மீதி 98 குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கையில் ஊசி குத்தப்பட்டு, தேவையற்ற மருந்தை வாங்கிக்கொள்வார்கள். நோயுள்ள 10 குழந்தைகள் ‘நெகட்டிவ்’ சீட்டோடு தப்பிப்போவார்கள். அதே பரிசோதனையை ஒரு நாள் கழித்துத் திரும்பச் செய்து, அப்போது நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்கும் என்று கொண்டால், ‘நெகட்டிவ்’ ஆகும் 884 குழந்தைகளில் 2 பேருக்குத்தான் நோய் இருக்கும். தொற்று இருக்கிறது என்று சொல்ல இந்த எண் லாயக்கற்றது. தொற்று இல்லை என்று, அதுவும் இரண்டாம் முறை கேட்டால், ஓரளவு துணிந்து சொல்லும். பெனிட்ஸ் குழுவினர் 1998-இல் கண்டது இதைத்தான்: 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களும் 10-க்குக் கீழ் இருந்தால் பாக்டீரியாத் தொற்று இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. மருந்தைத் தொடங்குவதற்கல்ல, நிறுத்துவதற்கே இந்தப் பரிசோதனை என்று நான் சொல்வதன் ஆதாரம் அது.

புரோகால்சிடோனின் இன்னும் வேகமாக ஏறும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நலமான குழந்தைக்கும் பிறந்து ஒரு நாள் ஆகும்போது அது இயல்பாகவே உச்சத்துக்குப் போகும். மணிக்கணக்கில் வயது தெரியாமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் நாட்டு மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. புரோகால்சிடோனினைப் பார்த்து மருந்தை நிறுத்திய பிரிவில் ஆன்டிபயாடிக் நேரம் 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. ஆதாயம் 10 மணி நேரம். விலையுயர்ந்த பரிசோதனைக்கு இது போதுமா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பணப்பெட்டியைப் பார்த்துச் சொல்லட்டும்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று: அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் கைசர் நிறுவனத்தின் தொற்று அபாயக் கணிப்பான் சி.ஆர்.பி.யைக் கேட்பதே இல்லை. கர்ப்ப வாரம், தாயின் அதிகபட்ச உடல் வெப்பம், பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், தாய்க்கு ‘பி’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டா, பிரசவத்தின்போது என்ன மருந்து தரப்பட்டது ஆகியவற்றைக் கேட்கிறது. பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. ஆய்வகம் இல்லாத இடத்திலும் கேட்கக்கூடிய கேள்விகளே பெரும்பாலும்.

தேவையற்ற ஆன்டிபயாடிக் தீங்கற்றது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. மிகக் குறைந்த எடையில் பிறந்த, கல்ச்சரில் கிருமி வளராத குழந்தைகளுக்கு 5 நாளோ அதற்கு மேலோ மருந்து நீடித்தால் குடல் அழுகல் நோயும் மரணமும் கூடுகின்றன என்று காட்டன் குழுவினர் 2009-இல் காட்டினர். தாய்க்குத் தரும் மருந்திலும் இதற்கு இணை உண்டு: பனிக்குடம் முன்கூட்டி உடைந்த 4,826 பெண்களிடம் நடந்து 2001-இல் வெளியான ஆரக்கிள் ஆய்வில், கோ-அமாக்சிக்ளாவ் பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடம் அதே குடல் நோய் கூடியிருந்தது. அதன் பிறகே எரித்ரோமைசின் வழக்கத்துக்கு வந்தது.

5. வேலூரின் கிருமிகள்

மேலே சொன்ன வழிகாட்டுதல்களில் பலவும் ‘பி’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) பச்சிளங்குழந்தைப் பிரிவினர் 1988 முதல் 1997 வரையான 10 ஆண்டுகளில் பிறந்த 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது, இக்கிருமி ரத்தத்தில் கண்டது ஆயிரம் பிறப்புக்கு 0.17 என்ற அளவில்தான். அமெரிக்காவில், தடுப்பு மருந்து முறை பரவும் முன், 1990களின் தொடக்கத்தில் இது ஆயிரத்துக்கு 1.7. சரியாகப் பத்தில் ஒரு பங்கு. 1999-இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எங்கிருந்தோ வந்த நெறிமுறையை அப்படியே ஏற்காமல் தன் வார்டின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களின் வேலை அது.

மற்ற இந்திய மருத்துவமனைகளில் மேலோங்கி நிற்பவை வேறு கிருமிகள். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 14.3 பேருக்குத் தொற்று. கல்ச்சரில் உறுதியானது 6.2 பேருக்கு. அசினெடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலை ஆகியவையே முன்னணியில் இருந்தன. பல மருந்துகளுக்கு அவை மசியவில்லை. மூன்றில் இரண்டு பங்குத் தொற்றுகள் பிறந்து 72 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டன. பிறந்தவுடன் வரும் தொற்று தாயிடமிருந்து, பின்னால் வருவது மருத்துவமனையிலிருந்து என்ற பாடப்புத்தகக் கோடு இங்கே அழிந்துவிடுகிறது. பிரசவ அறையின் கைகளும் கருவிகளும்கூட ஐயத்துக்குள் வருகின்றன. பனிக்குடம் உடைந்தபின் விரலால் உள்பரிசோதனை செய்வது எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது என்பது எந்த ரத்தப் பரிசோதனையையும்விட உறுதிபெற்ற அறிவு. இந்தியப் பச்சிளங்குழந்தை நெறிமுறைகள் மூன்றுக்கு மேற்பட்ட உள்பரிசோதனைகளையே ஓர் அபாயக் காரணியாக எழுதிவைத்திருக்கின்றன.

எரித்ரோமைசின் கிளெப்சியெல்லாவைத் தொடாது. ஆரக்கிளின் முடிவை இங்கே அப்படியே பெயர்த்து நடும் முன் இதை யோசிக்கவேண்டும்.

6. தோல் வட்டாரம்: எது தெரியும், எதை ஊகிக்கிறோம்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றையொட்டி நீளும் இந்தப் பகுதியைப் பற்றி எழுதும் எவருக்கும் ஒரு சபலம் வரும்: குரோமியம், கழிவுநீர், ஆகவே அழற்சி, ஆகவே பனிக்குடம் உடைதல் என்று கோடு போட்டுவிடுவது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவுசெய்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகப் பேச வேண்டியிருந்தது. மாசு உண்மை. ஆனால் அந்த மாசுக்கும் இப்பகுதிப் பெண்களின் பனிக்குடத்துக்கும் இடையே நேரடிக் காரணத் தொடர்பை நிறுவிய ஆய்வு எதையும் ஆதாரமாகக் கொண்டு நான் எழுதவில்லை; ஊகத்தை முடிவாகத் தருவதும் இந்தப் பெண்களுக்குச் செய்யும் உதவியன்று. 1996 தீர்ப்பு இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்த முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, நிரூபணத்துக்குக் காத்திராமல் ஆலையைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆலைக்கு அது சரி. பிரசவ வார்டில் அதே கோட்பாட்டைச் சொல்லி எல்லாக் குழந்தைக்கும் மருந்து ஏற்றினால் அதன் விலையைக் குழந்தையே கொடுக்கிறது.

முன்கூட்டிப் பனிக்குடம் உடைவதற்கு நிலைபெற்ற காரணங்கள் பிறப்புவழி, சிறுநீர்த்தொற்றுகள், முந்தைய பிரசவத்தில் அவ்வாறே நேர்ந்தது, கருப்பைவாய்க் குறுக்கம், உடல் மெலிவு, புகை ஆகியன. தோல் வட்டாரத்தோடு இவற்றை இணைக்கும் கண்ணி வேலைதான். ஆம்பூரின் ஷூ ஆலைகளில் தையல், ஒட்டுதல் வரிசைகளில் இருப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள். உற்பத்தி இலக்கு நெருக்கும் வரிசையில் எழுந்து கழிவறை போவதைத் தள்ளிப்போடுவதும், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் சிறுநீர்த்தொற்றுக்கு அறிந்த வழி. தமிழகக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தகைய உடலில் சி.ஆர்.பி. 15 என்று வந்தால் அது கருப்பையிலிருந்து வந்ததா சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. சிறுநீர்ச் சோதனையும் கூடவே வேண்டும்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் செய்தி. தொடர்ந்து அளந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் என்று கண்டோம். இந்த வட்டாரத்தில் தொடர்ச்சி அறுபடுவது எங்கே? ஆம்பூரில் உடைந்த பனிக்குடம், 32 வாரம் என்றால், பெரும்பாலும் 50 கிலோமீட்டர் தள்ளி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சி.எம்.சி.க்கோதான் வந்து சேரவேண்டும். முதல் ரத்தம் ஊரிலுள்ள சிறிய ஆய்வகத்தில் எடுக்கப்பட்டிருக்கும். அங்கே சி.ஆர்.பி. பார்ப்பது கண்ணாடித் தகட்டில் லேடெக்ஸ் துளியைக் கலக்கும் முறையாக இருக்கலாம். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் திரியும். எவ்வளவு என்று அறிய ரத்தநீரை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்துப் பார்ப்பார்கள். அதனால் வரும் விடை 6, 12, 24, 48 என்ற படிகளில்தான் இருக்கும். 12 என்பது 24 ஆனது ஒரே ஒரு படி. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்த வேறுபாடாகவும் இருக்கலாம். வேலூரில் இயந்திரம் அளக்கும் 17.3 என்பதோடு இதை ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று பேசுவதில் பொருளில்லை. போதாக்குறைக்கு, சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் தருகின்றன. டெசிலிட்டர்க் கணக்கில் 1 என்பது லிட்டர்க் கணக்கில் 10. அலகு எழுதாத சீட்டில் ‘1.2’ என்று இருந்தால் அது நிம்மதியா அபாயமா என்று யாருக்குத் தெரியும்?

மற்றொரு அறுபடல், நேரம். 18 மணி அல்லது 24 மணி என்ற எல்லையை வைத்துத்தான் பல நெறிமுறைகளும் நிற்கின்றன. எப்போது உடைந்தது என்பது தாய் சொன்னால்தான் உண்டு. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போது கசிந்ததை வெள்ளைப்படுதல் என்றோ சிறுநீர் என்றோ எண்ணி, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து, இரவில் ‘தண்ணி போகுது’ என்று மாமியாரிடம் சொன்னால், சேர்க்கைச் சீட்டில் எழுதப்படுவது இரவு நேரம்தான். 10 மணி நேரம் காணாமல் போயிருக்கும். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பங்களும் ஏராளம். மத்தியானமே உள்ளாடை நனைந்ததா என்று அவரவர் மொழியில் பொறுமையாகக் கேட்க ஒரு செவிலியர் இருந்தால், அந்த விடை முதல் சி.ஆர்.பி.யைவிட மதிப்புள்ளது.

காத்திருப்பதற்கும் வசதி வேண்டும். 31 வாரத்தில் பனிக்குடம் உடைந்து, தொற்றின் அறிகுறி இல்லாமல் வார்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு அது வாரக்கணக்கில் நீளலாம். இ.எஸ்.ஐ. உள்ள நிரந்தரத் தொழிலாளிக்கு 2017 முதல் 26 வார மகப்பேறு விடுப்புச் சம்பளம் உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். கர்ப்பத்தால், குறைமாதப் பிரசவத்தால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம். ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைத்து ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் வீட்டுத் தொழிலாளிகள் இந்த வளையத்துக்கு வெளியே நிற்பதை ஆம்பூரைப் பற்றி 2016-இல் வெளியான சிவிடெப் முதலான அமைப்புகளின் அறிக்கை சுட்டியது. அப்படிப்பட்டவர் ‘எண் நார்மல்தானே’ என்று மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகக் கேட்பதில் வியப்பில்லை. அவரை வார்டில் நிறுத்தவும் அந்த எண்ணுக்குத் தெம்பில்லை, அனுப்பிவைக்கவும் தெம்பில்லை.

7. முடிவாக எதைச் செய்யலாம்

தமிழகத்தில் 100-க்கு 99 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2020-இன் கணக்குப்படி சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டில் மருந்தகம் தொடங்கிய காலத்தின் துயரம் மருத்துவமனைக்கு வந்து சேர வழியில்லாதது. இன்றைய சிக்கல் அதுவல்ல. வந்து சேர்ந்தபின் கையிலிருக்கும் தகவலை எப்படிப் படிப்பது என்பதே.

பனிக்குடம் முன்கூட்டி உடைந்த பெண்ணின் ஒற்றை சி.ஆர்.பி.யைக் கொண்டு பிரசவத்தை அவசரப்படுத்துவதற்குச் சான்று போதாது. காய்ச்சல், நாடித்துடிப்பு, கருப்பையை அழுத்தினால் வலி, நீரின் வாடை, குழந்தையின் இதயத்துடிப்பு ஆகியவை முன்னே வரவேண்டும். பிறந்த குழந்தை துடிப்பாக இருந்து, பால் குடித்து, அபாயக் காரணி மட்டும் இருந்தால், அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பதே முதல் சிகிச்சை. மருந்து தொடங்கியிருந்தால், தானியங்கி இயந்திரத்தில் பெரும்பாலான கிருமிகள் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடும் என்பதால், கல்ச்சரில் ஏதும் வளராமல் ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி.யும் தாழ்ந்திருந்தால் மருந்தை நிறுத்தத் துணியலாம். இரண்டும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுத்தவையாக இருக்கவேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் மருத்துவமனைகளிலும் தனியார் மகப்பேறு இல்லங்களிலும் பணிபுரிவோருக்கு ஒரு வேண்டுகோள். வேலூருக்கு அனுப்பும் சீட்டில் ஐந்து விவரங்களை எழுதி அனுப்புங்கள்: பனிக்குடம் உடைந்த நேரம், முதல் ஸ்டீராய்டு ஊசி போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், சி.ஆர்.பி. எந்த முறையில் எந்த அலகில், இதுவரை எத்தனை உள்பரிசோதனை.